குடியை விட்டவர் தன் கதையை ஊர் நடுவே சொல்லலாமா?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் லோடு வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். குடியை விட்டு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. பொங்கல் விழாவில் மைக் பிடித்து உங்கள் கதையைச் சொல்லுங்கள் என்று தெருப் பையன்கள் கூப்பிடுகிறார்கள், வீடியோவும் எடுத்துப் போடுவார்களாம். மனைவி வேண்டவே வேண்டாம் என்கிறார். "குடிச்சே அழிஞ்ச குடும்பம்னுதான் இன்னமும் எங்களைச் சொல்றாங்க. நான் பேசினா அந்தப் பேச்சு மாறுமா, இல்ல இன்னும் கேவலமாகுமா?" என்பது அவர் கேள்வி.

தம்பி, இது ஒரு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கிறது. சொன்னால் ஊர் மாறுமா என்பது ஒன்று. அது யாருடைய கதை என்பது இன்னொன்று. இரண்டாவதை நீங்கள் எழுதவில்லை, உங்கள் மனைவிதான் கேட்கிறார். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அந்த இடத்தில் நானே ஒருமுறை பெரிய தப்புச் செய்திருக்கிறேன்.

நான் குடியை விட்டு 22 வருடம் ஆகிறது. அதில் 17 வருடமாகக் கடலூரிலும் புதுச்சேரியிலும் மறுவாழ்வு மையங்களில் ஆலோசகர் வேலை. அதற்கான பயிற்சி எடுத்திருக்கிறேன், ஆனால் டாக்டர் கிடையாது. மருந்து மாத்திரை பற்றி நான் சொல்வதை எல்லாம் ஒரு டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

என் தப்பைச் சொல்கிறேன். எங்கள் கல்யாணத்துக்கு என் மாமனார் ஒரு பித்தளைக் குடம் வாங்கிக் கொடுத்தார். கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக அவர் பெயரை வெட்டியிருக்கும். குடித்த காலத்தில் ஒருநாள் சாயங்காலம், பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிக் கன்னியக்கோயில் பக்கம் போகக் கையில் காசில்லை. பாண்டியில் விலை குறைவு, சாராயக்கடையும் உண்டு, எங்கள் ஊரில் குடிக்கிறவர்களுக்கு அந்தப் பாலம் எப்போதும் கூப்பிடும் பாலம். குடத்தைத் திருப்பாதிரிப்புலியூரில் பழைய பாத்திரக் கடை ஒன்றில் எடைக்குப் போட்டேன். தராசில் வைப்பதற்கு முன்னால் கடைக்காரர் அந்தப் பெயரைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. காசை எண்ணிக் கொடுத்தார்.

விட்டு மூன்றாவது வருடம் ஒரு பள்ளிக்கூட விழாவில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இந்தக் குடத்துக் கதையைச் சொன்னேன். கட்டைவிரல் தடவியதுவரை சொன்னேன். கூட்டம் அப்படியே அமைதியானது, பிறகு எல்லோரும் கைதட்டினார்கள். பெண்கள் வரிசையில் கடைசியில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் ரேஷன் கடை வரிசையில் ஒரு அம்மா, பரிதாபப்பட்டுத்தான், அவளிடம் கேட்டிருக்கிறார்: "உங்கப்பா பேர் போட்ட குடத்தையா வித்தாரு?" எனக்கு அன்றுவரை தெரியாத ஒரு விஷயம் என்னவென்றால், குடம் ஓட்டை விழுந்துவிட்டது, பற்ற வைக்கக் கொடுத்திருக்கிறோம் என்று அவள் தன் அப்பாவிடம் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு பொய்யால் நான்கு வருடம் தன் அப்பா முன்னால் என் மானத்தையும் தன் மானத்தையும் காப்பாற்றி வந்திருக்கிறாள். நான் பத்து நிமிடத்தில், மைக்கில், கைதட்டலோடு அதை உடைத்துவிட்டேன். மாமனார் காதுக்கும் போனது. அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் தீபாவளிக்கு ஒரு எவர்சில்வர் குடம் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனார், அதில் பெயர் வெட்டவில்லை.

குடித்தவன் நான், அதனால் கதை என்னுடையது என்று நினைத்திருந்தேன். அந்தக் கதையில் பாதியை அனுபவித்தவள் அவள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் மனைவி யாரிடம் என்ன சொல்லி எதைச் சமாளித்து வைத்திருக்கிறார் என்று உங்களுக்கு முழுதாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

சரி, முதல் கேள்விக்கு வருகிறேன். சொன்னால் மாறுவார்களா? ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய விஷயங்கள் சில இருக்கின்றன. மனநோய் உள்ளவர்கள் மேல் ஊருக்கு இருக்கும் இழிவான பார்வையை எது குறைக்கிறது என்று 14 நாடுகளில் நடந்த ஆய்வுகளை 2012இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பெரியவர்கள் விஷயத்தில், பாடம் நடத்துவதைவிட அந்த நோயோடு வாழ்கிறவரை நேரில் சந்திப்பது கூடுதலாகப் பலன் தந்தது. வீடியோவில் பார்ப்பதைவிட நேரில் பார்ப்பது மேல். ஆனால் வளரிளம் பிள்ளைகளிடம் பாடம் நடத்துவதுதான் அதிகம் வேலை செய்தது. இதோடு இன்னொன்று. பிள்ளைகள் போதைக்குப் போகாமல் தடுக்க, போதையிலிருந்து மீண்டவரை மேடை ஏற்றி அனுபவம் சொல்ல வைப்பது பலன் தராத, சில சமயம் எதிர்ப்பலன் தரும் வழிகளில் ஒன்று என்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகத்தின் தடுப்பு நெறிமுறைகளே சொல்கின்றன. நான் பள்ளிக்கூடத்தில் பேசியது அந்த வகையிலும் தப்பு. ஒரு பையனுக்கு என் கதையிலிருந்து "என்ன ஆட்டம் போட்டாலும் கடைசியில் மீண்டுவிடலாம், கைதட்டும் கிடைக்கும்" என்றுகூடப் பட்டிருக்கலாம். பொங்கல் விழா என்றால் முன்வரிசை முழுக்க பிள்ளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள், அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாடுகளில், அதுவும் மனநோயைப் பற்றி நடந்தவை. குடிக்கும் வறுமைக்கும் நம் தெருவுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் பொருந்துகிறது, ஒரு திருத்தத்தோடு. விழுந்த கதையைக் கேட்டு மனம் மாறியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. அவர்கள் கண் கலங்குவார்கள், கை குலுக்குவார்கள், மறுநாள் காசு விஷயம் வந்தால் பழையபடி தள்ளித்தான் நிறுத்துவார்கள். எழுந்த பிறகு ஒவ்வொரு நாளையும் எப்படி ஓட்டினோம் என்பதைக் கேட்டவர்கள்தான் மாறினார்கள்.

குடிப்பதற்கு முன்னால் நான் மீன் ஏலத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குடியால் அந்த வேலை போனது. விட்ட பிறகும் கணக்கு எழுத விட்டார்கள், காசைத் தொட விடவில்லை. "நோட்டைக் கொடு, பையைக் கொடுக்காதே" என்று என் காதுபடவே சொல்வார்கள். ஊருக்கு நம் மேல் மதிப்பு வந்ததா இல்லையா என்பதற்கு எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் அளவுகோல்: கையில் காசைக் கொடுக்கிறார்களா? அந்த நாட்களில் வாரம் ஒருமுறை வலை பின்னும் கொட்டகையில் ஆறேழு பேர் உட்கார்ந்து பேசுவோம். ஒரு ஃபைபர் படகுக்காரர் தன் தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் நான் என் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொன்னேன். சம்பளக் காசோடு கடையைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால் என் மனைவி பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பாள், அங்கேயே காசை அவள் கையில் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் சேர்ந்து நடப்போம். பதினான்கு மாதம் அப்படி. மழையிலும் வந்து நின்றாள். நான் சொன்னது அவ்வளவுதான்.

சில மாதம் கழித்து ஒரு விடியற்காலை, ஏலம் முடிந்து அந்தப் படகுக்காரர் என்னைக் கூப்பிட்டார். ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு நோட்டு, ஈரம் பட்டு ஓரம் சுருண்டிருந்தது, மீன் வாடை. "வீட்ல குடுத்துடு, நான் வலையைப் பார்க்கணும்" என்றார். என் முன்னால் எண்ணிக்கூடப் பார்க்கவில்லை. நான் அதை மடியில் முடிந்துகொண்டு சைக்கிளில் போனபோது கை நடுங்கியது, அது வேறு நடுக்கம். ரொம்ப நாள் கழித்து ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நீ உன்னையே நம்பாம இருந்தியே, அதைக் கேட்டப்புறம்தான் உன்னை நம்பலாம்னு தோணிச்சு" என்றார்.

அதனால் சொல்வதாக இருந்தால் இதைச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் கொல்லைப்புறம் கூப்பிடும்போது என்ன சொல்லித் தப்பிக்கிறீர்கள், லோடு முடிந்து உடம்பு வலிக்கும் இரவில் என்ன செய்கிறீர்கள், பிள்ளை உங்கள் வாயை முகர்ந்து பார்ப்பதை எந்த மாதத்தில் நிறுத்தியது. சொல்லும்போது வார்த்தையும் கவனம். "நான் ஒரு குடிகாரன்" என்று நெஞ்சில் அடித்துக்கொள்வது உருக்கமாக இருக்கும், ஆனால் எங்கள் வட்டத்தில் குடிநோயாளி என்றுதான் சொல்கிறோம், அதற்குக் காரணம் உண்டு. 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், மனநலத் துறையில் இருக்கும் 500க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரே ஆளைப் பற்றிய குறிப்பைப் படிக்கக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அவரைப் பழிக்கும் சொல்லால், மீதிப் பேருக்கு நோயைக் குறிக்கும் சொல்லால். பழிக்கும் சொல்லைப் படித்தவர்கள் அவரையே குற்றவாளியாக்கி, தண்டிக்க வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். சிகிச்சை கொடுக்கிறவர்களே ஒரு சொல்லுக்கு அப்படி மாறினார்கள் என்றால் தெருவில் கேட்கிறவர்களை எப்படிக் குறை சொல்வது? நோய் என்ற சொல்லுக்கும் ஒரு விலை இருக்கலாம். பழி குறைகிறது, கூடவே "இது தீராதது" என்ற எண்ணம் வளர்கிறதோ என்ற சந்தேகம் ஆராய்ச்சியாளர்களிடமே இருக்கிறது. அந்த எண்ணத்துக்குப் பதிலாக நிற்பது நீங்கள்தான், இரண்டு வருடம் நான்கு மாதம்.

இப்போது "குடிச்சே அழிஞ்ச குடும்பம்" என்ற அந்த வார்த்தை. எனக்கு ரொம்பக் கோபம் வரும் வார்த்தை இது. அதில் குடி மட்டும் இருக்கிறது, மற்ற எல்லாம் மறைந்துவிடுகிறது. வருடா வருடம் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, உங்களுக்கு லோடு இருக்காது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2015இல் வெள்ளம், இதெல்லாம் உங்கள் கூரையைத் தொடாமலா போனது? உங்கள் வீட்டு வறுமைக்குக் குடி ஒரு காரணம், அதை மறைக்க வேண்டாம். அது ஒன்றுதான் காரணம் என்று நீங்களே மைக்கில் ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். குடியை விட்டுவிட்டால் வறுமை தானாகப் போய்விடும் என்றும் சொல்லாதீர்கள். விட்ட பிறகும் வட்டி கட்டிக்கொண்டிருக்கும் வீடுகளை நானும் நீங்களும் பார்க்கிறோம். ஒரே அளவு குடிக்கும் இரண்டு பேரில் வசதியில்லாதவருக்குத்தான் உடம்பு அதிகம் கெடுகிறது என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். ஏன் என்பதில் இன்னும் ஒரே முடிவு இல்லை. சாப்பாடு, வேலையின் கடுமை, ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகப் போவது எல்லாம் சேர்ந்திருக்கலாம்.

வசதியுள்ள வீட்டில் குடி இல்லையா என்ன. அங்கே சுவர் இருக்கிறது, காரும் டிரைவரும் இருக்கிறார்கள், ரோட்டில் விழுந்து கிடக்க வேண்டிய நிலை இல்லை. சென்னையில் டி.டி.கே. என்ற பெரிய தொழில் குடும்பத்தின் மருமகள் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தார். அதை மூடி மறைக்காமல், 1980இல் கணவர் பெயரிலேயே குடிநோய்க்குச் சிகிச்சை தரும் அறக்கட்டளையைத் தொடங்கினார். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்ட வீட்டுக்காரர் சொல்லும்போது ஊர் அதை நோய் என்று கேட்டுக்கொள்கிறது. நம் வீட்டுக்காரர் சொல்லும்போது திமிர் என்று கேட்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்களே, அந்த வாரம் மஞ்சக்குப்பத்தில் ஒரு டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். "குடிச்சுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா" என்ற பேச்சுத்தான் எங்கும். மெத்தனால் கலந்தது யார் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் அன்று அங்கே வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று இன்றுவரை தோன்றுகிறது, ஏனென்றால் மேடையைவிட அந்த மாதிரி இடத்தில் "நானும் குடிச்சவன்தான், இப்ப உங்க பக்கத்துல நின்னு டீ குடிக்கிறேன்" என்று ஒருவர் சொல்வதற்குத்தான் கனம் அதிகம்.

வீடியோ பற்றி நான் கண்டிப்பாகச் சொல்கிறேன், இப்போது வேண்டாம். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் ஒரே அம்மாவிடம் ஒரே நாளில் மூன்று வேன் வந்து ஒரே கதையைக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது வேன் வந்தபோது யாரும் சொல்லாமலேயே அவர் முந்தானையைச் சரி செய்துகொண்டு, கேமரா எங்கே என்று பார்த்து உட்கார்ந்தார். ஏழையின் துக்கத்தைக் கேட்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், திருப்பித் தருவதில்லை. ஊர்க்கூட்டத்தில் சொன்னது காற்றோடு கரையும். வீடியோவில் சொன்னதை உங்கள் மகளுக்கு வரன் பார்க்கும்போதும் எவனாவது எடுத்துக் காட்டுவான். சிகிச்சை எடுப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது, குடியால் வரும் மனநலக் கேடும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆனால் நீங்களே சம்மதித்துப் பேசியதைத் திரும்ப வாங்குவது நடைமுறையில் முடியாத காரியம். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போகிறவர் என்றால் உங்களுக்கே தெரியும், பத்திரிகை, ரேடியோ, சினிமாவில் பெயரை வெளியிடாமல் இருப்பது 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த இயக்கத்தின் மரபு. கூடக் குடித்தவர்கள் பெயரையும் எங்கேயும் சொல்லாதீர்கள். அது அவர்கள் பாடு.

நீங்கள் பேசி முடித்ததும் பத்துப் பேர் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள், அதற்குத் தயாராக இருங்கள். "ஒரே நாளில் விட்டேன், மன உறுதிதான்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி, முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன் பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாளை ஒட்டி, ஆள் தெரியாமல் பிதற்றும் நிலைகூட வரலாம். உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் மருந்தோடு நிறுத்த வேண்டியவர்கள் அவர்கள். அப்புறம் ஏதாவது ஒரு வீட்டுக்காரம்மா தனியாக வந்து, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரை எங்கே கிடைக்கும் என்று கேட்பார், எனக்கு ஒவ்வொரு கூட்டத்திலும் இது நடக்கும். குடித்தால் உடம்பு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாதிரியான மருந்தை, குடிப்பழக்கம் உள்ளவருக்குத் தெரியாமல் கொடுப்பது ஆபத்து. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே போகலாம். அவர்களைக் கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கோ கோரிமேடு ஜிப்மர் மனநலப் பிரிவுக்கோ அனுப்புங்கள். போதையை விடுவது பற்றிப் போனில் கேட்க 14446, மனம் தளர்ந்தால் பேச 14416. 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பில், குடிக்கு முழுதாக அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேரில் ஒருவர் உங்களைப் பார்த்து அங்கே போனால், நீங்கள் பேசியதற்கு அது போதும்.

என் ஆலோசனை இது. முதலில் விழா வேண்டாம், ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடிக்கும் நேரத்தில் கூட வேலை செய்கிற மூன்று பேரிடம் சொல்லிப் பாருங்கள். அதற்கும் முன்னால் உங்கள் மனைவியிடம் கேளுங்கள். சொல்லட்டுமா வேண்டாமா என்று கேட்காதீர்கள், எதையெல்லாம் சொல்லக் கூடாது என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஏன் என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள். என் மனைவி அந்தக் குடத்தைப் பற்றிப் பல வருடம் வாயே திறக்கவில்லை. போன வருடம் எங்கள் மையத்து வராந்தாவில், முதல்முறையாகப் புருஷனைக் கூட்டி வந்திருந்த ஒரு பெண்ணிடம் அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு டீ டம்ளரோடு வந்தவன் திரும்பிப் போய்விட்டேன். அது அவள் சொல்ல வேண்டிய கதை.

கடைசியாக ஒன்று, இதை நான் யாரிடமிருந்தும் படிக்கவில்லை, பட்டது. அந்தப் பள்ளிக்கூடத்தில் கைதட்டல் வாங்கிய அன்று இரவு ஏழரை மணிக்கு என் கால் தானாக பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. பாண்டி பஸ் படியில் ஒரு கால் வைத்துவிட்டேன். உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டிய பிறகு ஒரு வெறுமை வரும், அந்த வெறுமைக்குப் பழைய வழிதான் முதலில் ஞாபகம் வரும். கண்டக்டர் "ஏறுறதுனா ஏறு" என்று அதட்டியதில் இறங்கிவிட்டேன், அவ்வளவுதான், அதில் என் உறுதி ஒன்றும் இல்லை. நீங்கள் மூன்று பேரிடம் பேசினாலும் சரி, முந்நூறு பேரிடம் பேசினாலும் சரி, அன்று ராத்திரி தூங்கும்வரை உங்களோடு யார் இருக்கப் போகிறார்கள் என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.